கரைப்பான் மூலக்கூறு ஆய்வு: பல துறைகள் கூடினால் உண்மையில் என்ன கிடைக்கிறது?

பிப்ரவரி 2, மாலை (வாசகர் கேள்வி)

"கரைப்பான்கள் மூலக்கூறு அளவில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை ஆராய இயற்பியலாளர், வேதியியலாளர், உயிரியலாளர், பொறியாளர் எல்லோரும் கூட வேண்டும் என்கிறார்கள். நிதி கேட்கும் விண்ணப்பத்துக்கு இது அழகாக இருக்கிறது. அறிவியலுக்கு இது தேவையா? இன்றைய கணினியில் ஒரு லட்சம் நீர் மூலக்கூறுகளைப் போட்டு ஓட்டினால் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?"

பிப்ரவரி 2, இரவு

நான் கணினி உருவகப்படுத்தல் பக்கம் இருப்பவன். அதனாலேயே இந்தக் கருத்தை மறுக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது. கணினி காட்டும் அணுவின் இடம் என்பது நாம் அதற்குக் கொடுத்த விசைப்புலத்தின்படி (அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்று சொல்லும் சமன்பாடுகளின்படி) அணு இருக்கக்கூடிய இடம் மட்டுமே. அந்த விசைப்புலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஆய்வகத்தில் அளந்த எண்களிலிருந்துதான் வந்தது. வில்லியம் ஜோர்கென்சனின் குழு 1983இல் வெளியிட்ட டிப்3பி நீர் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். நீரின் அடர்த்தி, ஆவியாதல் வெப்பம் போன்றவற்றோடு பொருந்தும்படி அதை அமைத்தார்கள்; அவற்றில் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அந்த மாதிரி நீர், உண்மை நீரைவிட இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் விரவுகிறது, அதாவது அதன் மூலக்கூறுகள் அந்த வேகத்தில் இடம்விட்டு இடம் பரவுகின்றன. இன்றும் எத்தனையோ புரத உருவகப்படுத்தல்கள் இந்த வேக நீருக்குள்தான் நடக்கின்றன. விரவல் வேகத்தை வேறொருவர் அளந்து வைத்திருக்காவிட்டால் இந்தக் குறை நமக்குத் தெரிந்தே இருக்காது.

1971இல் அனீசூர் ரஹ்மானும் ஃபிராங்க் ஸ்டில்லிங்கரும் திரவ நீரை முதன்முதலாக மூலக்கூறு இயங்கியல் முறையில் (ஒவ்வொரு மூலக்கூறின் நகர்வையும் படிப்படியாகக் கணக்கிடும் முறையில்) உருவகப்படுத்தினார்கள். அவர்களிடம் இருந்தவை 216 மூலக்கூறுகள். அந்தச் சிறிய பெட்டியின் முடிவுகளைக்கூட அவர்கள் எக்ஸ்-கதிர் சிதறல் தரவோடு ஒப்பிட்டுத்தான் பேசினார்கள். நம் பெட்டி பெரிதாகிவிட்டதால் அந்த ஒப்பீடு தேவையற்றதாகிவிடவில்லை.

பிப்ரவரி 3

"கரைப்பான் என்பது வினை நடக்கும் இடம்தானே, அதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இரண்டு செய்திகள் போதும்.

1890இல் நிக்கோலாய் மென்ஷுட்கின் டிரைஎத்தில் அமீனையும் எத்தில் அயோடைடையும் வெவ்வேறு கரைப்பான்களில் வினைபுரியச் செய்து வேகத்தை அளந்தார். அதே இரு பொருட்கள், அதே வினை. ஹெக்சேனில் நடப்பதைவிட பென்சைல் ஆல்கஹாலில் அது பல நூறு மடங்கு வேகமாக நடந்தது. இரண்டாவது செய்தி இன்னும் கூர்மையானது. குளோரைடு அயனி மெத்தில் புரோமைடைத் தாக்கும் வினை வாயு நிலையில் நடக்கும் வேகத்துக்கும் நீரில் நடக்கும் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு பத்தின் பதினைந்தாம் அடுக்கு அளவில் இருக்கிறது. குளோரைடைச் சுற்றி இறுக்கமாக அமர்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகள், மின்னூட்டம் இரு முனைகளுக்கும் பரவிக் கிடக்கும் இடைநிலையை அதே அளவுக்குத் தாங்கிப் பிடிப்பதில்லை. தாக்குவதற்கு அயனி தன் நீர் உறையின் ஒரு பகுதியை இழக்க வேண்டியிருக்கிறது; அதற்கான ஆற்றல்தான் அந்தப் பெரும் தடை. வினையில் பங்கெடுக்காத பொருள் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 5

இனி விவாதத்தின் மையத்துக்கு வருகிறேன். பல துறைகள் கூடுவதன் பயன், அவை ஒத்துப்போகும் இடத்தைவிட முரண்படும் இடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் உறுதியான கருத்து. புரதத்தைச் சுற்றியுள்ள நீர் அடுக்கு பற்றிய நீண்ட சர்ச்சை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

கேள்வி எளிது: ஒரு புரதம் தன்னைச் சுற்றியுள்ள நீரை எவ்வளவு தொலைவுக்கு மாற்றுகிறது, எந்த அளவுக்கு மெதுவாக்குகிறது? 2007இல் ஜெர்மனியின் போஹும் நகரைச் சேர்ந்த மார்ட்டினா ஹாவெனித், அமெரிக்காவின் மார்ட்டின் குருபெலே, டேவிட் லைட்னர் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து, நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்ஸ் கதிர்களைக் கொண்டு இதை அளந்தன. புரதம் நீரைவிடக் குறைவாகவே இந்தக் கதிரை உறிஞ்சும். ஆகவே புரதத்தைச் சேர்க்கச் சேர்க்கக் கரைசலின் உறிஞ்சல் நேர்கோட்டில் குறைய வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் உறிஞ்சல் முதலில் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகுதான் இறங்கியது. புரதத்தின் பரப்பிலிருந்து பத்து ஆங்ஸ்ட்ராமுக்கும் (ஒரு நானோமீட்டருக்கும்) அப்பால் வரை நீரின் இயக்கம் மாறியிருப்பதாக அவர்கள் விளக்கினார்கள். அப்படியானால் மாற்றம் மூன்று நான்கு அடுக்குகளாவது நீள்கிறது.

மறுபுறம், பெர்டில் ஹாலே போன்றோர் உட்கருக் காந்தத் தளர்வை (காந்தப்புலத்தில் தூண்டிவிட்ட அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தை) அளந்து, பாதிப்பு ஏறத்தாழ முதல் அடுக்கோடு நின்றுவிடுகிறது என்றும், அங்கும் பெரும்பாலான நீர் மூலக்கூறுகள் சில மடங்குதான் மெதுவாகின்றன என்றும் கூறினார்கள். மூன்றாவது தரப்பு ஒளிர்வு அளவீட்டினர். புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை ஒளியால் தூண்டிவிட்டு, அதன் ஒளிர்வு நிறம் காலப்போக்கில் நகர்வதை இவர்கள் கவனித்தார்கள். பத்துக்கணக்கான பிக்கோ விநாடி (நானோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் நானோ விநாடி வரை நீளும் மந்தமான பகுதி ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. தூய நீரிலோ, 1994இல் ஃபிளெமிங், மரோன்செல்லி ஆகியோர் கூமரின் சாயத்தைக் கொண்டு காட்டியபடி, இந்த நகர்வின் பாதிக்கும் மேலானது ஐம்பது ஃபெம்டோ விநாடி (பிக்கோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலேயே முடிந்துவிடும்.

ஆக, ஒரு தரப்பு நெடுந்தொலைவு என்கிறது. ஒரு தரப்பு ஓர் அடுக்கு என்கிறது. ஒரு தரப்பு மிகுந்த மந்தம் என்கிறது.

பிப்ரவரி 5, பின்னிரவு

"யார் சொல்வது சரி" என்று உடனே கேட்டுவிட்டீர்கள். எந்தக் கருவி எதைக் கூட்டிச் சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காந்தத் தளர்வு ஒற்றை மூலக்கூறு எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதைச் சராசரியாகச் சொல்லும். டெராஹெர்ட்ஸ் உறிஞ்சல் பல மூலக்கூறுகளின் மின் இருமுனைகள் ஒன்றோடொன்று இணைந்து அசைவதைச் சொல்லும். ஒரு பெருங்கூட்டத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு வேகமாகத் தலையைத் திருப்புகிறார் என்பதும், கூட்டம் ஒன்றாக எப்படி அலைமோதுகிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒளிர்வு நகர்வோ டிரிப்டோஃபான் இருக்கும் இடத்தில் மின்புலம் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்கிறது. அந்த மின்புலம் நீரிலிருந்து மட்டும் வருவதில்லை. புரதத்தின் சொந்த மின்னூட்டங்கள் அசைவதாலும் மாறுகிறது. மந்தமான பகுதிக்குப் புரதத்தின் அசைவே முக்கியக் காரணம் என்று நில்சனும் ஹாலேயும் 2005இல் உருவகப்படுத்தலைக் கொண்டு வாதிட்டார்கள்.

இங்கேதான் கணினியின் உண்மையான பணி இருக்கிறது. "நீர் இப்படி அடுக்கடுக்காக இருக்கிறது" என்று படம் வரைந்து கொடுப்பதில் எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. ஒரே ஓட்டத்திலிருந்து காந்தத் தளர்வு, டெராஹெர்ட்ஸ் நிறமாலை, ஒளிர்வு நகர்வு மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டு, கருவி தந்த எண்ணோடு நேருக்கு நேர் வைக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் மூன்று தரப்பும் ஒரே நீரைத்தான் பார்த்திருக்கின்றன என்று பொருள். ஒன்று பொருந்தாவிட்டால் பிழை எங்கே என்று தேட வழி கிடைக்கும். இந்த வேலையை ஒரு துறை தனியாகச் செய்ய முடியாது.

பிப்ரவரி 7

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது, சமரசம் எளிதாக முடிந்துவிட்டது போன்ற எண்ணம் வாசிப்பவருக்கு வரக்கூடும் என்று தோன்றியது. அப்படி முடிந்துவிடவில்லை. டெராஹெர்ட்ஸ் அளவீட்டில் புரதம் எவ்வளவு நீரை இடம்பெயர்த்தது என்பதைக் கழித்தாக வேண்டும். அதற்குப் புரதத்தின் பகுதிக் கனஅளவு (கரைசலில் அது பிடிக்கும் இடம்) துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். 1 டெராஹெர்ட்ஸில் ஐம்பது மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நீர்ப்படலமே கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நீரின் உறிஞ்சல் வெப்பநிலையோடும் மாறும். இத்தகைய பின்னணியின் மேல் சிறு வேறுபாட்டை அளக்கிறோம். தடிமனும் வெப்பநிலையும் சிறிதே விலகினாலும் அந்த விலகல் நீரேற்ற அடுக்கின் (புரதத்தைச் சுற்றியுள்ள நீர் அடுக்கின்) பண்பைப் போலத் தோற்றம் காட்டிவிடும். இதை நன்கு அறிந்துதான் அளப்பவர்கள் ஒரே கலத்தில், வெப்பநிலையைக் கட்டி வைத்து, நீரையும் கரைசலையும் மாற்றி மாற்றி அளக்கிறார்கள். கணக்குப் போடும் எங்களைப் போன்றவர்கள் ஒருமுறையாவது அந்தக் கருவியின் அருகே நின்று பார்க்க வேண்டும். எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது அங்கே புரிவதுபோல் கட்டுரையின் பிழைக்கோட்டைப் பார்த்துப் புரிவதில்லை.

பிப்ரவரி 8

ஆய்வில் கனநீரின் (ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள நீரின்) இடம் பற்றிக் கேட்டவருக்கு.

நியூட்ரான் சிதறலில் கனநீர் இன்றியமையாதது. எக்ஸ்-கதிர் எலக்ட்ரான்களைப் பார்க்கிறது. ஆகவே நீரில் அதற்குப் பெரும்பாலும் ஆக்சிஜன்தான் தெரியும். நியூட்ரானுக்கு ஹைட்ரஜனும் தெரியும். அதோடு, ஓர் அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்பதைக் குறிக்கும் சிதறல் நீளம் சாதாரண ஹைட்ரஜனுக்கு எதிர்க்குறியிலும் டியூட்டீரியத்துக்கு நேர்க்குறியிலும் இருப்பதால், இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து அளந்தால் எந்த அணு எந்த அணுவிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பிரித்தெடுக்க முடிகிறது. மெத்தனால் போன்ற மூலக்கூறின் நீர்வெறுக்கும் பகுதியைச் சுற்றி நீர் பனிக்கட்டி போல உறைந்து நிற்கிறது என்ற கருத்து, ஃபிராங்கும் எவான்சும் 1945இல் எழுதியதிலிருந்து நெடுங்காலம் நிலவியது. சோப்பரும் ஃபின்னியும் 1990களில் இந்த முறையில் பார்த்தபோது அத்தகைய பனிக் கூண்டு எதையும் காணவில்லை.

ஆனால் கனநீர் நீரின் அச்சுப் பிரதி அன்று. 25 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை நீரைவிட ஏறத்தாழ கால் பங்கு கூடுதல், உருகுநிலை 3.8 டிகிரி, அடர்த்தி உச்சம் 4 டிகிரிக்குப் பதிலாக 11 டிகிரிக்கு அருகில். கண்ணாடி மின்முனை கொண்ட சாதாரண பிஎச் மீட்டரைக் கனநீரில் அமிழ்த்தினால், அது காட்டும் எண்ணோடு 0.4ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு குழு கனநீரில் நியூட்ரான் சிதறலையும், இன்னொரு குழு சாதாரண நீரில் டெராஹெர்ட்ஸ் நிறமாலையையும் எடுத்து, இரண்டையும் "ஒரே புரதம், ஒரே பிஎச்" என்று ஒரே அட்டவணையில் போட்டால், அந்த அட்டவணையை வைத்து இயக்க வேகங்களை ஒப்பிட முடியாது. கூட்டு ஆய்வு என்று பெயரிருந்தும் மாதிரிகள் வேறாக இருப்பது நான் அடிக்கடி காணும் குறை.

பிப்ரவரி 10

மாதிரி பற்றிய பேச்சு வந்ததால் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். அமைடு வகையைச் சேர்ந்த ஒரு சிறு மூலக்கூறைக் குளோரோஃபார்மில் கரைத்து அகச்சிவப்பு நிறமாலை எடுத்திருந்தார்கள்; கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டையின் தாழ் அதிர்வெண் பக்கத்தில் தெளிவான ஒரு தோள், அதாவது பக்கப் புடைப்பு, தெரிந்தது. என் உருவகப்படுத்தலில் அந்தத் தோள் வரவே இல்லை. மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைகின்றன என்று முதலில் ஒரு விளக்கம் எழுந்தது. ஆனால் செறிவைக் குறைத்தும் தோள் குறையவில்லை. விசைப்புலத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சு தொடங்கியிருந்த வேளையில், தொகுப்பு வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஒருவர் வந்து குளோரோஃபார்ம் புட்டியின் மேலிருந்த சிறிய எழுத்துகளை வாசித்துக் காட்டினார்.

குளோரோஃபார்ம் காற்றும் ஒளியும் பட்டுச் சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகாமல் தடுக்க, விற்பனைக்கு வரும்போதே அதில் எத்தனாலையோ அமிலீனையோ சேர்க்கிறார்கள். எங்கள் புட்டியில் எத்தனால், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கேட்பதற்குச் சிறிய அளவு. ஆனால் லிட்டருக்குக் கணக்கிட்டால் அது மோலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. எங்கள் கரைபொருளோ அதைவிட மிகவும் நீர்த்த நிலையில் இருந்தது. அதாவது கரைசலில் கரைபொருள் மூலக்கூறுகளைவிட எத்தனால் மூலக்கூறுகளே பல மடங்கு அதிகம். அவை கார்போனைல் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டதுதான் அந்தத் தோள். அமிலீன் சேர்த்த குளோரோஃபார்முக்கு மாறியதும் அது மறைந்தது.

இந்த விடை எந்தச் சமன்பாட்டிலிருந்தும் வந்திருக்காது. கரைப்பானைக் கையில் எடுத்து ஊற்றிப் பழகியவருக்குத் தெரிந்த செய்தி அது. டெட்ராஹைட்ரோஃபியூரான் வைத்து வேலை செய்பவர்களும் புட்டியைப் பாருங்கள். கெட்டுப்போகாமல் இருக்க அதில் சேர்க்கப்படும் பிஎச்டி (BHT) என்ற பொருள் புற ஊதா ஒளியை உறிஞ்சும்.

பிப்ரவரி 11

"முரண்பாடுகளையே சொல்கிறீர்கள், கூட்டு ஆய்வு வென்ற இடம் உண்டா?" உண்டு.

நீர் மூலக்கூறு திரவத்தில் எப்படித் திரும்புகிறது? சிறு சிறு அசைவுகளாகச் சீராகச் சுழல்கிறது என்பதே பழைய படம். 2006இல் டாமியன் லாஷும் ஜேம்ஸ் ஹைன்ஸும் வேறொரு படத்தை முன்வைத்தார்கள். ஒரு ஓ-எச் பிணைப்பு தன் பழைய துணையை விட்டு, அறுபது டிகிரியை ஒட்டிய பெருங்கோணத்தில் சட்டென்று தாவி, புதிய துணையோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கிறது. அந்தப் புதிய துணை முதலில் நெருங்கி வர வேண்டும் என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. நீர்வெறுக்கும் குழு அருகில் இருந்தால் புதிய துணை வரக்கூடிய வழிகளில் ஒரு பகுதி அடைபட்டுவிடுகிறது. ஆகவே நீர் மெதுவாகிறது, ஆனால் இரண்டு மடங்குக்கும் குறைவாகவே மெதுவாகிறது. பனிக்கூண்டு என்ற கற்பனை தேவையே இல்லை. கோட்பாட்டாளரும் லேசர் நிறமாலையியலாரும் பிறகு இந்தப் படத்தைப் பல கரைசல்களில் மாறி மாறிச் சோதித்தார்கள். இன்று தாவல் என்பது துறையின் பொதுச் சொத்தாகிவிட்டது.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது. ஹைட்ரஜன் குளோரைடு நீரில் கரைந்து அயனிகளாகப் பிரிய எத்தனை நீர் மூலக்கூறுகள் வேண்டும்? போஹுமில் ஹாவெனித்தின் சோதனைக் குழுவும் டொமினிக் மார்க்ஸின் கோட்பாட்டுக் குழுவும் 2009இல் கொடுத்த விடை: நான்கு. ஹீலியம் நுண்துளிகளுக்குள், ஒரு கெல்வினுக்கும் கீழான குளிரில், ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் குளோரைடோடு நீர் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தபடி அகச்சிவப்பு நிறமாலையைப் பார்த்தார்கள். அத்தனை குளிரில் புரோட்டான் பிரிய ஆற்றல் எங்கிருந்து வரும் என்ற ஐயம் நியாயமானது. மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டும்போது வெளிப்படும் ஆற்றலே தடையைத் தாண்டப் போதும் என்று கணக்கீடு காட்டியது. நிறமாலை மட்டும் இருந்திருந்தால் அந்தக் கோடு எந்த அமைப்புடையது என்று உறுதி சொல்ல முடியாது. கணக்கீடு மட்டும் இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

பிப்ரவரி 12

சேர்க்க மறந்த ஒரு செய்தி: இந்த வகை ஆய்வுக்கென்றே 2012இல் ஜெர்மனியில் ரிசால்வ் என்ற கூட்டமைப்பு தொடங்கியது. போஹும் ரூர் பல்கலைக்கழகத்தோடு டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களும் அதில் இருக்கின்றன. கரைப்பானேற்றம் என்ற ஒரே பொருள்தான் அதன் மையம். பெரிய பெயர்ப்பட்டியலைவிட, அளப்பவரும் கணக்கிடுபவரும் நாள்தோறும் சந்திக்கும் ஏற்பாடுதான் அங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிப்ரவரி 14

"இயந்திரக் கற்றல் வந்துவிட்டது, இனி விசைப்புலத்தின் குறைகளும் இல்லை" என்று எழுதியவருக்கு ஒரு திருத்தம். 2007இல் பேலரும் பாரினெல்லோவும் தொடங்கிவைத்த, விசைப்புலத்தின் இடத்தில் அமரும் நரம்பு வலைப்பின்னல் முறை மாபெரும் முன்னேற்றம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது குவாண்டம் கணக்கீடுகளைப் பார்த்துக் கற்கிறது. அந்தக் கணக்கீட்டின் குறையையும் சேர்த்தே கற்கும். பெரிதும் பயன்படும் பிபிஇ என்ற தோராய முறையில் கணக்கிட்டால் பனிக்கட்டி 400 கெல்வினுக்கும் மேலேதான் உருகுகிறது. உண்மையில் 273 கெல்வின். அந்த முறையை அப்படியே கற்ற வலைப்பின்னல், அறை வெப்பநிலை நீரை அளவுக்கு மீறிக் கட்டுண்டதாகவே காட்டும். வாண்டெர் வால்ஸ் விசைகளைச் சேர்த்தால் நிலைமை பெரிதும் சீராகிறது. சீராகிறது என்பதை எப்படி அறிந்தோம்? மறுபடியும் அளந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான்.

பிப்ரவரி 15

லித்தியம் மின்கலத்தில் கரைப்பானின் பங்கு என்ன என்ற கேள்வி இந்த இழைக்குப் பொருத்தமானதே. அங்கே பயன்படும் கரைப்பான்களான எத்திலீன் கார்பனேட்டுக்கும் புரொப்பிலீன் கார்பனேட்டுக்கும் ஒரேயொரு மெத்தில் குழுதான் வேறுபாடு. இரண்டும் லித்தியம் அயனியைக் கார்போனைல் ஆக்சிஜன் வழியே பிடித்துக்கொள்கின்றன. கரைசலின் உட்பகுதியை மட்டும் பார்த்தால் இரண்டும் உடன்பிறந்தவை போலிருக்கும். ஆனால் கிராஃபைட் மின்முனையில் புரொப்பிலீன் கார்பனேட் லித்தியத்தோடு சேர்ந்தே அடுக்குகளுக்குள் நுழைந்து கிராஃபைட்டை உரித்துவிடுகிறது. எத்திலீன் கார்பனேட் பரப்பில் சிதைந்து, அயனியை மட்டும் உள்ளே விடும் காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. எத்திலீன் கார்பனேட்டோடு கிராஃபைட் நிலைத்து நிற்கும் என்று 1990இல் ஜெஃப் டானின் குழு காட்டியது. எத்திலீன் கார்பனேட் அறை வெப்பநிலையில் திண்மம். 36 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் வேறு கார்பனேட்டுகளோடு கலந்தே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. அப்படிக் கலந்ததும் அயனியின் உறையில் எந்தக் கரைப்பான் மூலக்கூறு எத்தனை என்ற புதிய கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்விக்கு ராமன் நிறமாலை ஓர் எண்ணையும் காந்த ஒத்திசைவு இன்னோர் எண்ணையும் தந்தால், முதலில் இருவரும் ஒரே செறிவில், ஒரே உப்பில், ஈரப்பதம் அளந்த ஒரே தொகுதிக் கரைசலில் வேலை செய்தார்களா என்று கேளுங்கள். அதன் பிறகு ராமன் பட்டையின் ஒளி வலிமையை அயனி எண்ணிக்கையாக மாற்ற எந்தப் பெருக்கெண்ணைப் பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். கரைப்பான் மூலக்கூறு அயனியோடு பிணைந்த பின் அந்தப் பட்டையின் சிதறல் வலிமையே மாறுகிறது. இரண்டு நிலைகளுக்கும் ஒரே பெருக்கெண்ணை வைத்தால் வரும் எண் நம்பத்தக்கதன்று. சரியான பெருக்கெண்ணைக் குவாண்டம் கணக்கீட்டிலிருந்து எடுக்கலாம். அதை எடுத்துத் தருவது எங்கள் வேலை.